மீட்டரில் எரியும் பிரேக் விளக்கு: மறைக்காதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்



சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து அலுவலகத்தைத் திறக்க வந்தபோது, வாசலில் ஒரு தாயார் ஆஸ்பத்திரி பில்லுடன் நின்றிருந்தார். அவருடைய மகன் நமதூரில் வீடு வீடாகப் பார்சல் கொண்டு கொடுக்கும் வேலை பார்ப்பவன். வேலைக்காகப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்க நமது அறக்கட்டளைதான் நான்கு மாதங்களுக்கு முன் வட்டியில்லாக் கடன் கொடுத்திருந்தது. அந்த வண்டியிலிருந்து விழுந்து அவனுக்குக் காறை எலும்பு முறிந்துவிட்டது.

"காக்கா, அவன் வேகமாப் போகலையாம். மழையில ஆடு குறுக்க வந்துச்சாம். பிரேக்கப் பிடிச்சதும் முன் சக்கரம் சுத்தாம அப்படியே இழுத்துக்கிட்டுப் போயிடுச்சாம்" என்றார் அந்தத் தாயார்.

மருத்துவ உதவிக்கான ஏற்பாட்டைச் செய்துவிட்டு, மறுநாள் வண்டியை நமது மஹல்லாவில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் சகோதரரிடம் அனுப்பினோம். விழுந்ததில் மீட்டரின் கண்ணாடி உடைந்திருந்ததால் அதைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றிப் பார்த்தவர் என்னைப் போன் போட்டு வரச்சொன்னார். மீட்டருக்கு உள்ளே, ஒரு சின்ன விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. டேப்பை உரித்துவிட்டுச் சாவியைப் போட்டார். மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தார். விளக்கு அணையவில்லை. முன் சக்கரத்துக்குப் போகும் ஒயரின் கனெக்டரைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அதைச் சுத்தம் செய்து திரும்ப மாட்டி ஓட்டியபோது விளக்கு அணைந்துவிட்டது. மொத்தம் இருபது நிமிட வேலை.

பிரேக் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அந்த விளக்கு பழைய உரிமையாளரிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. காரணத்தைத் தேடாமல் யாரோ டேப்பை ஒட்டி அதன் வாயை அடைத்துவிட்டார்கள். விளக்கு சரியாக இருந்திருந்தால் அந்தத் தம்பி விழுந்தே இருக்க மாட்டான் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் எச்சரிக்கை அவன் கண்ணுக்குப் பட்டிருந்தால் வண்டியை வாங்கும் முன் யோசித்திருப்பான். மழையில் இன்னும் மெதுவாகப் போயிருப்பான்.

இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவன் நான். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், விற்பவரின் அடையாள அட்டை எல்லாவற்றையும் வரி வரியாகப் படித்தேன். சாவியைப் போட்டு மீட்டரை ஒருமுறை பார்க்கவில்லை. அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன். நான் மெக்கானிக் அல்ல. அந்தச் சகோதரரிடம் பல நாள் உட்கார்ந்து கேட்டதையும், என் வண்டியிலும் அறக்கட்டளை வண்டியிலும் செய்து பார்த்ததையும் இங்கே தருகிறேன்.

அந்த விளக்கு என்ன சொல்கிறது?

125 சிசிக்கு மேற்பட்ட எஞ்சின் கொண்ட மோட்டார் சைக்கிள்களில் ஏபிஎஸ் இருக்க வேண்டும் என்பது 2019 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் விற்பனையாகும் எல்லாப் புது வண்டிகளுக்கும் விதி. புதிதாக அறிமுகமாகும் மாடல்களுக்கு இது ஓராண்டு முன்பே, 2018 ஏப்ரல் 1 முதல் வந்துவிட்டது. ஆகவே அதற்குப் பின் வாங்கிய 150, 160, 200, 350 சிசி வண்டிகளின் மீட்டரில் ஒரு சிறிய வட்டத்துக்குள் ஏபிஎஸ் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் மஞ்சள் நிறத்தில் எரிவதைப் பார்க்கலாம்.

ஏபிஎஸ் செய்யும் வேலை எளிமையானது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் துளைகளுள்ள ஒரு வளையம் டிஸ்க்கின் அருகே இருக்கிறது. மெக்கானிக்குகள் அதைச் சென்சார் ரிங் என்பார்கள். அதை ஒட்டினாற்போல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு சென்சார். துளைகள் கடந்துபோகும் வேகத்தை வைத்துச் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். நாம் பதற்றத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரம் மட்டும் நின்றுவிடப் போகிறது என்றால், ஏபிஎஸ் பிரேக்கின் அழுத்தத்தை ஒரு விநாடிக்குள் பலமுறை விட்டு விட்டுப் பிடிக்கும். அந்த நேரத்தில் லீவரில் 'டுக் டுக்' என்று ஓர் அதிர்வு கைக்குத் தெரியும். அது கோளாறு அல்ல. சக்கரம் சுற்றிக்கொண்டே இருப்பதால் வண்டி வழுக்காது, ஹேண்டிலும் நம் சொல்லைக் கேட்கும்.

சாவியைப் போட்டதும் அந்த விளக்கு எரிவது சரியான நடப்பு. ஏபிஎஸ் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. வண்டி நகர்ந்து மணிக்கு 5 அல்லது 10 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் அணைந்துவிட வேண்டும். இந்த வேகம் வண்டிக்கு வண்டி சற்று மாறும். நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு "விளக்கு அணையவில்லையே" என்று பயப்பட வேண்டாம். சக்கரம் சுற்றினால்தானே அதற்குத் தெரியும்!

கவலைப்பட வேண்டிய நிலைகள் மூன்று. வண்டி ஓடத் தொடங்கிய பிறகும் விளக்கு அணையாமலிருப்பது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று எரிவது. சாவியைப் போடும்போது எரியவே எரியாதது. மூன்றாவதைத்தான் பலரும் நல்லது என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அதுதான் மோசம். விளக்கே கெட்டிருக்கலாம், அல்லது நாம் பார்த்தது போல யாரோ மறைத்திருக்கலாம்.

வழியில் எரிந்தால் என்ன செய்வது?

முதலில் பதறாதீர்கள். விளக்கு எரிகிறது என்றால் பொதுவாக ஏபிஎஸ் வேலையை நிறுத்திக்கொண்டது என்று பொருள். சாதாரண பிரேக் அப்படியே இருக்கும். நம் வாப்பாமார் ஓட்டிய ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியைப் போல அது ஆகிவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் ஓட்டுகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஏபிஎஸ் காப்பாற்றும் என்ற பழக்கத்தில் லீவரை ஒரேயடியாக இறுக்கிப் பிடித்தால் சக்கரம் நின்று வழுக்கிவிடும். நம் தம்பிக்கு நடந்தது அதுதான்.

வேகத்தைக் குறைத்து ஓரமாக வாருங்கள். பின்னால் வண்டி வராத இடத்தில் முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். லீவர் கெட்டியாக இருக்கிறதா, வண்டி நேராக நிற்கிறதா என்று பாருங்கள். நிறுத்திய பின் சாவியை அணைத்து, சில விநாடிகள் கழித்து மறுபடி போட்டு ஓட்டுங்கள். ஓட்டத்திலேயே சாவியை அணைத்துப் போடும் வேலை மட்டும் கூடாது. விளக்கு அணைந்து திரும்ப வராவிட்டால் தற்காலிகமான குழப்பம்தான். மறுபடி வந்தால் உண்மையான கோளாறு இருக்கிறது.

லீவர் கெட்டியாக இருந்தால் மெதுவாக வீடு போய்ச் சேரலாம். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே வழக்கத்தை விட இரு மடங்கு இடைவெளி விடுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் கடக்கிறது. 60 என்றால் ஏறத்தாழ 17 மீட்டர். கண் பார்த்துக் கை பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே அத்தனை தூரம் போய்விடும். அதற்குப் பிறகுதான் பிரேக்கின் வேலையே தொடங்குகிறது. வேகம் இரட்டிப்பானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, சிறிது சிறிதாக அழுத்தத்தைக் கூட்டிப் பிடியுங்கள்.

லீவர் பஞ்சு போல அமுங்கினால், அல்லது கைப்பிடி வரை வந்து ஒட்டினால், அது ஏபிஎஸ் விவகாரம் மட்டும் அல்ல. பிரேக்கே கையை விடுகிறது. அந்த வண்டியை ஓட்ட வேண்டாம். தள்ளிக்கொண்டோ வேறு வண்டியில் ஏற்றியோ கொண்டு போங்கள்.

வீட்டில் பார்க்க வேண்டியவை, வரிசையாக

ஒன்று: சென்டர் ஸ்டாண்டு. நம் பிள்ளைகள் சென்டர் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, கியரில் போட்டுப் பின் சக்கரத்தைச் சுற்றவிட்டுச் செயினுக்கு ஆயில் விடுவார்கள். பின் சக்கரம் சுற்றுகிறது, முன் சக்கரம் நிற்கிறது. இந்த முரண்பாட்டைக் கண்டு ஏபிஎஸ் குழம்பி விளக்கைப் போட்டுவிடும். சாவியை அணைத்துப் போட்டு ஓட்டினால் சரியாகிவிடும். அதோடு, ஓடும் செயினில் விரல் சிக்கி நுனி போனவர்களை நாம் அறிவோம். எஞ்சினை நிறுத்தி, கையால் சக்கரத்தைச் சுற்றியே ஆயில் விடச் சொல்லுங்கள்.

இரண்டு: சேறு. மழைக்காலத்தில் விளக்கு எரிவதற்கு இது அடிக்கடி காணும் காரணம். சென்சாருக்கும் வளையத்துக்கும் நடுவே இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் சேறு அடைத்துக்கொள்ளும். சென்சாரில் காந்தம் இருந்தால் இரும்புத் தூளும் ஒட்டும். சென்ற ஐப்பசியில் அறக்கட்டளை வண்டியில் நிவாரணச் சாமான் கொண்டுபோய்த் திரும்பியபோது இதே விளக்கு எரிந்தது. ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், ஒரு துணி, சரியாகிவிட்டது. வாட்டர் சர்வீஸ் பைப்பை அந்த இடத்தில் நேராக அடிக்க விடாதீர்கள். கனெக்டருக்குள் தண்ணீர் ஏறும். துரு போக்கும் ஸ்பிரே, ஆயில் எதையும் அங்கே அடிக்காதீர்கள். டிஸ்க்கில் ஆயில் பட்டால் பிரேக் பிடிக்காது.

மூன்று: பஞ்சர் ஒட்டிய பிறகு எரிந்தால். சக்கரத்தைக் கழற்றித் தரையில் போடும்போது டிஸ்க் கீழே இருந்தால் வளையம் வளைந்துவிடும். திரும்ப மாட்டும்போது சென்சார் ஒயர் நசுங்குவதும் உண்டு. சென்சார் போல்ட்டை முழுவதும் முறுக்காமல் விடுவதும் உண்டு. பஞ்சர் கடையில் நின்று, "அண்ணே, டிஸ்க் மேல் பக்கம் இருக்கட்டும்" என்று சொல்வதில் வெட்கம் வேண்டாம். சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, வளையம் கோணாமல் ஒரே சீராகச் சுற்றுகிறதா, எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள்.

நான்கு: ஒயர். சென்சாரிலிருந்து ஃபோர்க்கின் ஓரமாக மேலே ஏறும் ஒயரைக் கண்ணால் பின்தொடருங்கள். கிளிப் விட்டுப்போய் டயரில் உரசுகிறதா? எலி கடித்திருக்கிறதா? ஹேண்டிலை இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள், எங்காவது இழுபடுகிறதா? கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு சீக்கிரம் ஏறும். அதைப் பிரித்துச் சுத்தம் செய்வதை மெக்கானிக்கிடம் விடுங்கள். ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுகிற வேலைக்குச் சம்மதிக்காதீர்கள்.

ஐந்து: பேட்டரியும் ஃபியூஸும். பேட்டரி பலவீனமானால் ஏபிஎஸ் வேலை செய்ய மறுத்து விளக்கைப் போடும். செல்ஃப் எடுக்கத் திணறுகிறது, ஹாரன் கம்முகிறது என்றால் முதலில் பேட்டரியைச் சோதியுங்கள். எஞ்சின் ஓடாதபோது 12.4 வோல்ட்டுக்கு மேலும், ஓடும்போது ஏறத்தாழ 13.5 முதல் 14.5 வோல்ட் வரையும் இருந்தால் நல்லது. ஏபிஎஸ்ஸுக்குத் தனி ஃபியூஸ் உண்டு. போயிருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். செம்புக் கம்பியைச் சுற்றிப் போடுவது வண்டியையே எரித்துவிடும். புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஒயர் உரசுகிறது என்று பொருள்.

ஆறு: டயர். அழகுக்காகக் கம்பெனி சொன்ன அளவை விட்டுப் பெரிய டயர் போட்டால், முன் பின் சக்கரங்களின் சுற்றுக் கணக்கு மாறி ஏபிஎஸ் தப்பாகப் புரிந்துகொள்ளலாம். டயரின் அளவு வண்டியின் கையேட்டில் இருக்கிறது; ஒப்பிட்டுப் பாருங்கள். மலைப்பாதைக்கான சில வண்டிகளில் பின் சக்கர ஏபிஎஸ்ஸை நிறுத்தும் பொத்தானே உண்டு. பிள்ளை தெரியாமல் அதை அழுத்தியிருக்கிறானா என்றும் பாருங்கள்.

இந்த ஆறும் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், மேற்கொண்டு நாம் நோண்ட வேண்டாம். ஏபிஎஸ் கருவி தன் கோளாற்றைக் குறித்து வைத்திருக்கும். சர்வீஸ் சென்டரில் கருவியை மாட்டினால் எந்தச் சக்கரம், எந்தச் சென்சார் என்று தெரிந்துவிடும். ஊகத்தில் பாகம் பாகமாக மாற்றிப் பணத்தை இழப்பதை விட அந்தச் சோதனைக் கட்டணம் லாபம்.

விளக்கு சொல்லாதவை

இங்கே ஒரு முக்கியமான விஷயம். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில், பிரேக் ஆயில் குறைந்தாலோ பேட் தேய்ந்தாலோ எந்த விளக்கும் எரியாது. ஏபிஎஸ் விளக்கு அணைந்திருப்பதால் பிரேக் முழுவதும் நலம் என்று எண்ணிவிடாதீர்கள். 125 சிசி வரையிலான வண்டிகளிலும், நம் வீட்டுப் பெண்கள் ஓட்டும் ஸ்கூட்டர்களிலும் பெரும்பாலும் ஏபிஎஸ் இல்லை. ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் ஏற்பாடுதான் இருக்கும். அவற்றில் எச்சரிக்க விளக்கே கிடையாது. நம் கண்தான் விளக்கு.

வலது ஹேண்டிலில் முன் பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். வண்டியை நேராக நிறுத்தினால், ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். புது ஆயில் இளமஞ்சளாக இருக்கும். கட்டன் சாயா நிறத்துக்கு வந்துவிட்டால் மாற்றும் காலம் கடந்துவிட்டது. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் அதற்கு உண்டு. ஆகவே வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. டாட் 3 அல்லது டாட் 4 என்று டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும். அதைத்தான் ஊற்ற வேண்டும். எஞ்சின் ஆயிலை ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர்கள் ஊதி, பிரேக் கெட்டுவிடும். பிரேக் ஆயில் பெயிண்ட்டில் பட்டால் பெயிண்ட் உரியும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஆயில் குறைந்திருக்கிறதே என்று உடனே ஊற்றி நிரப்பிவிடவும் வேண்டாம். பேட் தேயத் தேய ஆயில் மட்டம் தானாக இறங்கும். ஆகவே ஆயில் குறைவதே பேட்டைப் பார் என்று சொல்லும் செய்திதான். பேட்டில் ஒரு காடி வெட்டியிருக்கும். அது மறைந்துவிட்டால் பேட்டை மாற்ற வேண்டும். பேட் நன்றாக இருந்தும் ஆயில் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது; உடனே மெக்கானிக்கிடம் போங்கள். கரகரவென்று இரும்பு உரசும் சத்தம் வரும்வரை காத்திருந்தால் டிஸ்க்கும் சேர்ந்து போய்விடும்.

டிரம் பிரேக் என்றால் பெடலில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரையும், ஸ்கூட்டர் லீவரில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரையும் வெற்று ஆட்டம் இருப்பது வழக்கம். டிரம்மின் வெளிப்பக்கம் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுவதும் அழுத்தும்போது அது எதிரே உள்ள குறியைத் தொட்டால் உள்ளே ஷூ தேய்ந்துவிட்டது.

பின்னால் வருபவருக்கான விளக்கு

மீட்டரில் எரிவது நமக்கு. நாம் பிரேக் பிடிக்கும்போது பின்னால் சிவப்பாக எரிவது, நம் பின்னே வரும் லாரிக்காரருக்கு. இதில் இரண்டு கோளாறு வரும்.

எரியவே எரியாதது ஒன்று. பல்பு போட்ட வண்டிகளில் பெரும்பாலும் 12 வோல்ட், 21/5 வாட் பல்பு இருக்கும். அதற்குள் இரண்டு இழைகள். 5 வாட் இழை எப்போதும் எரியும் பின்விளக்கு. 21 வாட் இழை பிரேக் பிடிக்கும்போது மட்டும் எரியும். ஆகவே பின்விளக்கு எரிகிறது என்பதற்காகப் பிரேக் விளக்கும் நலம் என்று நினைக்கக் கூடாது. அந்தப் பல்பின் இரண்டு காதுகளும் சமமான உயரத்தில் இருக்காது. ஒரு பக்கமாகத்தான் மாட்ட முடியும். பலவந்தமாகத் திருப்பி மாட்டினால் இரண்டு இழைகளும் இடம் மாறிப்போகும்.

எப்போதும் எரிந்துகொண்டே இருப்பது மற்றொன்று. இதைப் பலரும் கண்டுகொள்வதில்லை. பின்னால் வருபவருக்கு நீங்கள் எப்போது பிரேக் பிடிக்கிறீர்கள் என்றே தெரியாது. பின் பிரேக்கை முறுக்கிச் சரிசெய்தபோது, பெடலோடு ஸ்பிரிங்கால் இணைந்த சுவிட்சை மாற்றி வைக்காததுதான் வழக்கமான காரணம். சுவிட்சில் உள்ள நட்டைத் திருகி, பெடலை லேசாக அழுத்தியதும் விளக்கு எரிந்து, விட்டதும் அணையுமாறு வைக்க வேண்டும். முன் லீவரின் அடியில் இருக்கும் சிறிய சுவிட்சிலும் தூசி அடைத்திருக்கலாம்.

இதைச் சோதிக்க ஆள் வேண்டியதில்லை. மக்ரிபுக்குப் பின் வண்டியின் பின்பக்கம் சுவரைப் பார்க்க நிறுத்தி, முன் பிரேக்கைத் தனியாகவும் பின் பிரேக்கைத் தனியாகவும் பிடியுங்கள். இரண்டு முறையும் சுவரில் சிவப்பு வெளிச்சம் கூட வேண்டும். ஒன்றில் கூடி மற்றொன்றில் கூடாவிட்டால் அந்தச் சுவிட்சைப் பாருங்கள்.

பழைய வண்டி வாங்கும்போது

ஏபிஎஸ் உள்ள பழைய வண்டியைப் பார்க்கப் போனால், விலை பேசும் முன் சாவியை நீங்களே போடுங்கள். ஏபிஎஸ் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக் காரணம் கேளுங்கள். எரிந்தால் வண்டியை ஓட்டிப் பாருங்கள். நகர்ந்த சிறிது தூரத்தில் அணைய வேண்டும். எஞ்சின் முன்பே ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைக் காட்டினால், அதை அணைத்துவிட்டு மறுபடி சாவியைப் போடச் சொல்லுங்கள். முன் ஃபோர்க்கில் சென்சாரும் ஒயரும் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். விற்பவர் "அந்த லைட்டு எல்லா வண்டிலயும் எரியும் பாய், கண்டுக்காதீங்க" என்றால், அதைச் சரிசெய்து தந்தால் வாங்குகிறேன் என்று சொல்லுங்கள். உண்மையிலேயே சின்ன விஷயம் என்றால் அவரே செய்து தந்துவிடுவார்.

இதேபோல் நம்மில் யாராவது வண்டியை விற்கும்போது, கோளாறை வாங்குபவரிடம் சொல்லித்தான் விற்க வேண்டும். பொருளின் குறையை மறைத்து விற்பது கூடாது என்பதை நாம் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். ஒரு துண்டுக் கறுப்பு டேப்பும் அதில் சேர்த்திதான்.

அறக்கட்டளையின் புதிய ஏற்பாடு

இரு சக்கர வாகனத்துக்காக வட்டியில்லாக் கடன் கேட்பவர்கள் இனி வாங்கப்போகும் வண்டியோடு அலுவலகத்துக்கு வர வேண்டும். மேலே எழுதியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம். மெக்கானிக் சகோதரர் ஒவ்வொன்றையும் பார்த்துக் குறித்துக் கொடுத்த பிறகே கடன் தரப்படும். இதற்குக் கட்டணம் இல்லை. முன்பு கடன் பெற்றவர்களும் தங்கள் வண்டியைக் கொண்டுவந்து காட்டலாம். விளக்கு எரிகிறது என்று சொன்னால் கடனுக்கு ஏதும் இடைஞ்சல் வருமோ என்று அஞ்ச வேண்டாம். ரிப்பேர் செலவுக்குச் சிரமப்படுபவர்கள் அதையும் கூச்சமின்றிச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி பில்லுக்கு உதவுவதை விட ஒரு ஒயருக்கு உதவுவது அறக்கட்டளைக்கும் எளிது.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வண்டியை எடுக்கும்போது "மெதுவாப் போ வாப்பா" என்று வாசல்வரை வந்து சொல்வீர்கள். அதோடு "மீட்டர்ல மஞ்சள் விளக்கு அணையுதா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவன் சிரிக்கலாம், ஆனாலும் குனிந்து பார்ப்பான்.

அந்தத் தம்பிக்கு எலும்பு கூடிவிட்டது. இரண்டரை மாதம் கழித்து வேலைக்குத் திரும்பிவிட்டான். அந்த மாதங்களின் தவணையை அறக்கட்டளை தள்ளிவைத்தது. சென்ற வாரம் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, அவன் வண்டியில் உட்கார்ந்து சாவியைப் போட்டுவிட்டு உடனே உதைக்காமல் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், "எரியுது காக்கா. இப்ப ஓட்டினதும் அணைஞ்சிரும்" என்றான்.

நாளைக் காலை சாவியைப் போட்டதும் நீங்களும் மூன்று விநாடி அப்படிப் பாருங்கள்.

வஸ்ஸலாம்.

செயலாளர்